வாய்க்கால் கரைச் சாவி

ஜனவரி 2, செவ்வாய்

இருபத்தெட்டு கிலோமீட்டர். பாலத்தடியிலிருந்து தொட்டிப்பாலம் வரை பதினான்கு, திரும்பி வரப் பதினான்கு. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாளிலேயே இதை முடித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனேன். இதை யாரிடமாவது சொன்னால் பீற்றல் என்பார்கள். அதனால் நோட்டில் எழுதுகிறேன்.

எங்கள் சைக்கிள் குழுவில் ஏழு பேர். ஜனவரி மாதத்துக்குள் எழுநூறு கிலோமீட்டர் ஓட்டுவதாகப் பந்தயம். செல்போனில் இருக்கும் செயலி கணக்கு வைத்துக்கொள்ளும். முடித்தவர்களுக்குத் திரையில் ஒரு பதக்கம் காட்டும். குழுவின் தலைவர் ஜவுளிக்கடை மோகனசுந்தரம், "டீச்சர், உங்களுக்கு ஐநூறே சாஸ்திங்க" என்றார். ஐம்பத்தொரு வயதுக் கணக்கு டீச்சரிடம் சொல்லக் கூடாத பேச்சு அது.

வாய்க்காலில் தண்ணீர் முக்கால் கரைக்கு ஓடுகிறது. கரையில் ஒரு வண்டி இல்லை, ஒரு ஹாரன் இல்லை. மண்பாதையில் டயர் உரசும் சத்தமும் மதகுகளில் தண்ணீர் விழும் சத்தமும்தான். இந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவே மீதி நேரத்தைப் பொறுத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 5, வெள்ளி

கரை இப்படி அமைதியாக இருப்பது தானாக நடந்ததல்ல. போன வருஷம் மெயின் ரோட்டில் ஒரு லாரி என் கைப்பிடியை உரசிவிட்டுப் போய், முழங்கையில் தகடு வைக்க வேண்டியதாயிற்று. அதற்கப்புறம்தான் வாய்க்கால் கரைக்கு வந்தேன். வந்து பார்த்தால் அங்கேயும் டிப்பர் லாரிகள், தேங்காய் லோடு, பந்தயம் விடும் மோட்டார் சைக்கிள்கள். நான்தான் மனு எழுதினேன். கரை உடைகிறது, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஆபத்து என்று நாலு பக்கம். ஏழு பேர் கையெழுத்து. நவம்பரில் பாலத்தடியில் குறுக்கே இரும்புக் கம்பி போட்டு, ஓரத்தில் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் அளவுக்கு மட்டும் இடம்விட்டுக் கல் நட்டார்கள். ஊரில் எல்லோரும் அதை கேட் என்கிறார்கள்.

பூட்டை நானே கடை கடையாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். மூன்று சாவி. ஒன்று வாய்க்கால் அலுவலகத்தில் இருக்கிறது. ஒன்று எங்கள் குழுவுக்கு. மூன்றாவது, கரையில் மூன்றாவது கிலோமீட்டரில் இருக்கும் ஆறு தோட்டத்து வீடுகளுக்கு என்று அதிகாரி கூட்டத்தில் சொன்னார். நான் எழுந்து, "அவங்க கையில குடுத்தா ஒரே வாரத்துல பத்து சாவி ஆயிரும் சார். பள்ளிக்கூடத்துல லேப் பீரோ சாவி யார் கையில இருக்கோ அவங்கதான் பொறுப்பு. இதுவும் அப்படித்தான்" என்றேன். என் வீடு பாலத்தை ஒட்டியே இருப்பதால் அந்தச் சாவியும் என்னிடமே வந்தது. வண்டி வர வேண்டுமென்றால் அவர்கள் எனக்குப் போன் செய்ய வேண்டும். நான் பத்து நிமிஷத்தில் வந்து திறப்பேன். இரண்டு சாவியும் ஒரே வளையத்தில், சைக்கிள் சீட்டுக்கு அடியில் உள்ள பையில் இருக்கின்றன.

அவர்கள் மொபெட்டுகளை இப்போது பாலத்தடி டீக்கடையிலேயே நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடக்கிறார்கள். நடப்பது உடம்புக்கு நல்லதுதான்.

ஜனவரி 9, செவ்வாய்

இன்று மட்டும் கேட்டுக்காக மூன்று போன். ஒன்று கட்டில் மெத்தை கொண்டுவந்த வண்டிக்கு.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். துளசிமணி வீட்டுக்கு உறவுக்காரர்கள் காரில் வந்தார்கள். துளசிமணியும் அவள் புருஷன் நாச்சிமுத்துவும் அந்த ஆறு வீடுகளில் முதல் வீட்டுக்காரர்கள். திறந்துவிட்டதற்காக ஒரு தூக்குப் போசி நிறையப் பொங்கலும் பச்சை மொச்சைக் குழம்பும் கொடுத்தனுப்பினாள். கூச்சமாக இருந்தது, ஆனால் குழம்பு அபாரம்.

நாச்சிமுத்து நல்ல மனுஷன். அவர்கள் வீட்டு நாய்க்குச் சைக்கிளைக் கண்டாலே ஆகாது. அதனால் தினமும் காலை ஆறு பத்துக்கு அவர் கரைமேல் வந்து நின்று நாயின் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறார். "புடிச்சுட்டேனுங்க, நீங்க போங்க டீச்சர்" என்பார். நானும் கையை ஆட்டிவிட்டுப் போவேன். இதுவரை சைக்கிளை விட்டு இறங்கி அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஜனவரி 22, திங்கள்

இன்று எனக்கு வந்த கோபத்தை எழுதாமல் இருக்க முடியாது. ஆறாவது கிலோமீட்டரில் இருக்கும்போது துளசிமணி கூப்பிட்டாள். அடித்துப் பிடித்துத் திரும்பி வந்து பார்த்தால் வைக்கோல் வண்டி! "வண்டிக்காரன் சீக்கிரமே வந்துட்டானுங்க டீச்சர், நிக்க மாட்டேங்கறான்" என்று சிரிக்கிறாள். பதினாறு கிலோமீட்டர் போச்சு. அவளிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன்: "காலையில ஆறுல இருந்து ஏழரை வரைக்கும் எனக்குப் போன் பண்ணாதீங்க. அது என்னோட நேரம். மத்த நேரம் எப்ப வேணாலும் கூப்பிடுங்க."

"சரிங்க டீச்சர். இனிமே பண்ணலீங்க" என்றாள். வகுப்பில் சொல்வதுபோல் சொன்னேன். வகுப்பில் கேட்பதுபோலவே கேட்டுக்கொண்டாள்.

ஜனவரி 30, செவ்வாய்

அறுநூற்று எழுபத்திரண்டு. விட்டதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் பிடித்துவிட்டேன். நாளை மாதத்தின் கடைசி நாள். மாலையில் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு இருக்கிறது, எனவே காலையில்தான் முடிக்க வேண்டும். சரியாக இருபத்தெட்டு.

ஜனவரி 31, புதன்

எழுநூறு முடிந்தது.

போகும்போது நாய் துரத்தியது. நாச்சிமுத்துவைக் காணோம். காலைத் தூக்கிக்கொண்டு ஓட்டினேன்.

நாச்சிமுத்துவுக்கு உடம்பு சரியில்லையாம். கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பும் வழியில் பார்த்தேன். முன்னால் போய்க் கேட்டைத் திறந்துவிட்டேன். ஆம்புலன்ஸ் ஈரோட்டுக்குப் போயிற்று. பள்ளிக்கு ஒன்பதே காலுக்குத்தான் போக முடிந்தது.

பிப்ரவரி 1, வியாழன்

பக்கவாதமாம். குழுவில் பதக்கத்துக்கு வாழ்த்துமேல் வாழ்த்து. மோகனசுந்தரம் கைதட்டும் படம் ஆறு போட்டிருக்கிறார்.

என் வீட்டுக்காரர் தங்கராசு மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். சாப்பிடும்போது, "உனக்கு அவங்க போன் பண்லையா கலா?" என்றார். சைக்கிளில் போகும்போது காற்றில் போன் சத்தம் கேட்காது என்றேன். எதிர்காற்று. அவர் ரசம் ஊற்றிக்கொண்டார்.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு. சாப்பிட முடியாதவருக்கு ஆப்பிள்! மூக்கில் குழாய். வலது கையும் வலது காலும் அசையவில்லை, வாய் கோணியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்தார், 'ழ' என்பதுபோல ஒரு சத்தம் மட்டும் வந்தது.

துளசிமணியை வராந்தாவுக்குக் கூட்டிவந்து, கேட்காமலே சொன்னேன்: "போன் பைக்குள்ள இருந்துச்சுங்க. காத்துல கேக்கல."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "ஆமாங்க டீச்சர். காத்துல எங்கீங்க கேக்கும்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வந்து பாத்ததே பெருசுங்க" என்றாள்.

ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பேச்சாவது தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இதையும் அவள்தான் சொன்னாள், யாரையும் குற்றம் சொல்லாத குரலில். பஸ்ஸில் வரும்போது மனசு லேசாக இருந்தது. அப்படி இருந்ததை நினைத்தால் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 6, செவ்வாய்

செயலியில் அன்றைய சவாரியின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வானிலையும் போட்டிருக்கிறார்கள். முப்பத்தொன்றாம் தேதி காலை, காற்று இல்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

பத்து நாளாகச் சைக்கிளைத் தொடவில்லை. முட்டி வலி என்று குழுவில் போட்டுவிட்டேன். இன்று விடைத்தாள் திருத்த உட்கார்ந்தவள், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வேறு கணக்குப் போட்டேன்.

முதல் போன் ஆறு இருபத்தெட்டுக்கு. அப்போது நான் ஏழாவது கிலோமீட்டரில் இருந்தேன். அங்கிருந்து முடுக்கி ஓட்டினால் ஆறு ஐம்பதுக்குள் கேட். ஆம்புலன்ஸ் வந்து நின்றதும் ஆறு ஐம்பதுக்குத்தான். திறந்துவிட்டால் தோட்டத்துக்கு ஆறு நிமிஷம், ஏற்ற ஐந்து நிமிஷம், திரும்ப ஆறு. ஏழு மணி ஏழு நிமிஷத்துக்கு அவர் மெயின் ரோட்டில் போய்க்கொண்டிருந்திருப்பார்.

நடந்தது வேறு. ஏழு மணி வரை அவர்கள் நான் வருவேன் என்று பார்த்திருக்கிறார்கள். டிரைவர் கல்லை எடுத்துப் பூட்டைத் தட்டிப் பார்த்திருக்கிறார், உடையவில்லை. பிறகு கட்டிலைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் நடந்தார்கள், அதில் இரண்டு பேர் பெண்கள். எதிர்ப்பக்கமிருந்து ஸ்ட்ரெச்சரோடு நடந்து வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் கேட்டிலிருந்து ஒரு கிலோமீட்டரில் அவர்களைச் சந்தித்தார்கள். நான் பின்னால் போய்ச் சேர்ந்தது அங்கேதான். ஏழு நாற்பத்திரண்டு. கேட்டைத் திறந்து, ஆம்புலன்ஸ் உள்ளே வந்து ஏற்றிக்கொண்டு வெளியேறும்போது ஏழு ஐம்பத்தைந்து.

நாற்பத்தெட்டு நிமிஷம் வித்தியாசம். ஒரு பாடவேளையைவிட மூன்று நிமிஷம் அதிகம். இரண்டு முறை சரிபார்த்தேன், விடை மாறவில்லை.

பிப்ரவரி 14, புதன்

நாச்சிமுத்துவை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்கு அரை மணி முன்பே போய்க் கேட்டைத் திறந்து வைத்து வெயிலில் நின்றேன். வண்டி பின்னாலேயே தோட்டத்துக்கும் போனேன். துளசிமணி தயிர்ப் போசியைக் கையில் திணித்தாள்.

பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். "ஆறே காலுக்கே உளுந்துட்டாருங்க டீச்சர். நாயக் கூப்புட்டுக்கிட்டே படியேறுனாரு, அப்படியே சாஞ்சுட்டாரு. உடனே உங்களக் கூப்புடலாம்னு போனை எடுத்தனுங்க. அப்பறம் ஏழரை வரைக்கும் பண்ண வேண்டாம்னு சொன்னீங்களேன்னு ஒரு பத்து நிமிசம் வெச்சுட்டு உக்காந்திருந்தனுங்க. மொதல்ல ஆம்புலன்சுக்கு மட்டும் பண்ணுனேன்."

அதில் குத்தல் எதுவும் இருந்த மாதிரி தெரியவில்லை. நடந்ததைச் சொன்னாள். என் கையிலிருந்த தயிர் கொஞ்சம் புடவையில் சிந்தியது.

சாயங்காலம் குழுவின் கூட்டம். மோகனசுந்தரம், "வருத்தமான விசயம்தான். ஆனா அதுக்காகக் கேட்டை எடுக்கணும்னு யாராச்சும் கெளப்பி உட்டாங்கன்னா மறுபடி டிப்பர் வந்துருமுங்க. டீச்சருக்குப் போன் கேக்கல, அவ்வளவுதானுங்களே" என்றார். ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது.

போன் பையில் இல்லை. போன் எப்போதும் கைப்பிடியில், கிளிப்பில்தான் இருக்கும். வேகமும் தூரமும் அதில்தானே தெரியும். ஏழாவது கிலோமீட்டரில் திரையில் எண்கள் மறைந்து 'துளசிமணி கேட்' என்று வந்தது. மணியும் கேட்டது. கட்டைவிரலால் சிவப்பு வட்டத்தைத் தொட்டேன். மறுபடி வந்தது, மறுபடி தொட்டேன். மூன்றாவது தடவை, 'இவளுக்கு எத்தனை தடவை சொல்வது' என்று வாய்விட்டே சொன்னேன். வரப்பில் ஒரு கொக்கு எழுந்து பறந்தது.

அவசரம் என்று தெரியாது, அதனால் எடுக்கவில்லை என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். அதுவும் பொய். சொன்ன சொல்லைத் தட்டாதவள் துளசிமணி. ஏழரைக்குள் கூப்பிட மாட்டேன் என்றவள் கூப்பிடுகிறாள், அதுவும் மூன்று தடவை. ஏதோ ஆகியிருக்கிறது என்று மூன்றாவது தடவை எனக்குத் தோன்றியது. தோன்றியதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. திரும்பினால் அறுநூற்று எண்பத்தாறோடு நின்றுவிடும். அந்த எண்ணும் அப்போது மனதில் ஓடியது.

தொட்டிப்பாலத்தில் இறங்கி ஒரு படமும் எடுத்தேன். சிரித்துக்கொண்டிருக்கிறேன் அதில்.

பிப்ரவரி 20, செவ்வாய்

தங்கராசுவிடம் சொல்லிவிட்டேன். வாசல் விளக்கை அணைத்துவிட்டு வந்தார். அப்புறம், "இதை அந்தப் பொம்பளகிட்டப் போய்ச் சொல்லப் போறியா?" என்றார்.

"சொல்லணும்ல?"

"சொன்னா உனக்குப் பாரம் எறங்கும். அவளுக்கு? இப்ப விதின்னு நெனச்சு நிம்மதியா இருக்கா. நீ போய், விதியில்ல நான்தான்னு சொன்னா, அவ ராத்திரி எப்படித் தூங்குவா?"

நியாயமாகத்தான் பட்டது. எனக்கு வசதியாகவும் இருந்தது. அந்த வசதிதான் உறுத்துகிறது.

பிப்ரவரி 25, ஞாயிறு

காலை எட்டு மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். வழியில் எதையும் பார்க்கவில்லை.

நாச்சிமுத்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துளசிமணி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க டீச்சர், வாங்க வாங்க. காப்பி வெக்கட்டுங்களா?" என்று வழக்கம்போல் சிரித்தாள். ஒன்றும் வேண்டாம், தனியாக ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனோம்.

ஆறு நாளாக மனதுக்குள் எழுதி எழுதித் திருத்திய பேச்சு ஒன்று இருந்தது. அது வரவில்லை. "அன்னைக்குப் போன் பைக்குள்ள இல்லீங்க. கண்ணு முன்னாலதான் இருந்துச்சு. உங்க பேரு தெரிஞ்சுது. மூணு தடவையும் நான்தான் கட் பண்ணுனேன். என்னோட கணக்கு முடியணும்னு கட் பண்ணுனேன்" என்றேன்.

அவள் கையிலிருந்த கஞ்சியைத் துண்டில் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள். பிறகு, "சாவி கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டும் கொண்டாந்திருக்கேன். நீங்களே வெச்சுக்கங்க." பையிலிருந்து எடுத்து வளையத்தோடு கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்தாள். "நடங்க. போயித் தொறந்து பாத்துக்கறேன்" என்றாள்.

மூன்று கிலோமீட்டர். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன், அவள் எனக்கு முன்னால் நடந்தாள். கட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்த அதே வழி. இவ்வளவு தூரம் என்று சைக்கிளில் போகும்போது தெரிந்ததே இல்லை.

கேட்டுக்கு வந்ததும் ஒரு சாவியைப் போட்டுத் திறந்தாள். கம்பியைத் தூக்கினாள், இறக்கினாள், பூட்டினாள். அடுத்த சாவியைப் போட்டு மறுபடி திறந்தாள், மறுபடி பூட்டினாள். இரண்டும் வேலை செய்கின்றன என்று தெரிந்த பிறகு முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

"தெரியுமுங்க டீச்சர்" என்றாள். "எடுக்கலைன்னா முழுசா அடிச்சுத்தானுங்க ஓயும். அன்னைக்கு ரெண்டு அடி அடிக்கறதுக்குள்ள நின்னு போச்சு. மூணு தடவையும். நீங்கதான் நிறுத்துறீங்கன்னு அப்பவே தெரியும்."

சைக்கிளைக் கம்பியில் சாய்த்தேன். "அப்பறம் ஏன் ஆஸ்பத்திரியில காத்துல கேட்டிருக்காதுன்னு சொன்னீங்க? தயிரெல்லாம் குடுத்து உட்டீங்க?"

"வேற என்னங்க பண்றது?" அவள் குரல் உயரவில்லை. "சாவி உங்ககிட்ட இருந்துச்சுங்களே. உங்களப் பகைச்சுக்கிட்டு, நாளைக்கு அவருக்கு மறுபடி இழுத்துச்சுன்னா நான் யாருக்குங்க போன் பண்ணுவேன்?"

பொங்கல் போசியும் அதனால்தானா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாக ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்த பெண்பிள்ளைகளின் முகங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அழுகை முட்டியது. அழுதால் இவள்தான் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கல்லிடுக்கு வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தேன். அவள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். திட்டவாவது செய்வாள் என்று.

"போங்க" என்றாள்.

போய்விட்டு வாருங்கள் என்று சொல்லாமல் இந்த ஊரில் ஒருவரை ஒருவர் அனுப்பி நான் பார்த்ததில்லை. நான் பெடலில் கால் வைப்பதற்குள் அவள் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தாள்.